கணக்கில் வாராத குழந்தைகள்

ஆட்டிசம் உடையோர் ஒரு நாட்டில் எத்தனை பேர், அதனால் நேரும் பொருட்செலவு எவ்வளவு என்று அறிஞர்கள் வினவுகின்றனர். நல்ல வினாவே. ஆயின், எண்ணப்படாத தலைகளுக்குச் செலவெழுதுவது எங்ஙனம்?

2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பு, இந்நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உளர் என்றது. அதன் வினாத்தாளில் ஆட்டிசத்திற்கெனத் தனியிடம் இல்லை. 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டமோ இந்நிலையைத் தன் தலைப்பிலேயே தாங்கி நின்றது. சட்டம் அறிந்த பெயரைப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் கணக்கு அறியவில்லை! இந்தியாவில் ஐந்து இடங்களில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு, இரண்டு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் என்று கண்டது.

"ஏழை நாடு, இச்சிலருக்காக இத்தனை பொருளா?" என்பார் உளர். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். அமெரிக்காவில் ஒருவருக்கு ஆயுட்செலவு 14 லட்சம் டாலர், அறிவுவளர்ச்சிக் குறையும் சேர்ந்தால் 24 லட்சம் என 2014இல் கணித்தனர். குழந்தைப் பருவச் செலவில் பெரும்பங்கு சிறப்புக் கல்வியும் பெற்றோர் இழந்த ஊதியமுமே. அங்கே அது செலவென எழுதப்படுகிறது. இங்கே?

மதுக்கரையில் நாமறிந்த தாய் ஒருவர், தையல் வேலையை விட்டுவிட்டு, மகனைப் பயிற்சிக்காகக் கோவைக்கு அழைத்துச் செல்கிறார். நகரப் பேருந்தில் மகளிர்க்குக் கட்டணமில்லை. அவர் இழந்த கூலியோ எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அரசு மிச்சப்படுத்தியதாக எண்ணும் பொருள் அத்தாயின் கையிலிருந்து போகிறது.

அரசை மட்டும் சாடித் தப்ப மாட்டோம். பேச்சு வராத பிள்ளையைத் தாயத்துக்கும் தகட்டுக்கும் அலைக்கழித்து, பயிற்சிக்குரிய இளம்பருவத்தைப் பாழாக்கியோர் நம்மவரே. ஓத வந்த சிறுவனை "அடங்காதவன்" என்று திருப்பியனுப்பிய உஸ்தாதுமார்களில் நாமும் ஒருவர். அன்று அவன் நிலையை அறிந்தோமில்லை. அறியாமை அக்குடும்பத்தின் இழப்பை ஈடுசெய்யாது.

2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக ஆட்டிசத்தை ஏற்றுள்ளது. 2027ஆம் ஆண்டுக் குடிமதிப்பு அதனைத் தனியே எழுதுக. நிக்காஹ் பதிவேடு பேணும் ஜமாஅத்துகள் தம் மஹல்லாவில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர் என்று வீடுதோறும் கேட்டறிக. வேலை துறந்த தாய்க்குப் பைத்துல்மாலிலிருந்து ஒரு பங்கு தருக.

எண்ணாமல் விட்டதற்கும் ஹிஸாப் உண்டு.