முதியோருக்கு நடை மட்டும் போதுமா?

மொன்றியலில் பனி கரைந்து புல் தலைகாட்டும் வைகாசி மாதம் வந்ததும், இங்குள்ள லோன் போலிங் கழகங்கள் தமது அங்கத்தவர்களுக்கு அறிவித்தல்களை அனுப்பத் தொடங்கிவிடும். புல்தரை எந்தத் திகதியில் திறக்கப்படும், புதியவர்களுக்கான அறிமுக நாள் எது, எந்தக் கிழமையில் யார் யாரோடு சேர்ந்து ஆடுவது, தேநீருக்கு யார் பொறுப்பு என்பன போன்ற சின்னச் சின்னச் செய்திகள்தான் பொதுவாக அவற்றில் இருக்கும். வெளியாளுக்கு அவை சுவாரசியமற்றவை. ஆனால் அந்தப் பட்டியல்களில் வரும் பெயர்களில் பல, 60, 70, ஏன் 80 வயதைக் கடந்தவர்களுடையவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி எமது சமூகத்தின் அறிவித்தல் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். கோவில் திருவிழா, தமிழ்ப் பாடசாலை அனுமதி, பரதநாட்டிய அரங்கேற்றம், பிள்ளைகளின் பேச்சுப்போட்டிப் பெறுபேறு என எல்லாம் வரும். எழுபது வயதான ஒரு அம்மாவின் பெயர் அங்கே எப்போது வருகின்றது? பெரும்பாலும் மரண அறிவித்தலில் ஒரு தடவை, 31ஆம் நாள் நினைவஞ்சலியில் மறு தடவை. உயிரோடு இருக்கும் காலத்தில் அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இதை ஏன் சுகாதாரப் பகுதியில் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். எமது முதியோரின் நோய்களுக்கும் இந்த வெறுமைக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கின்றது என்பதே எனது கருத்து.

வைத்தியரிடம் போனால் எமது முதியோருக்குக் கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: "நடவுங்கோ." நல்ல ஆலோசனைதான், அதில் பிழை இல்லை. ஆனால் யாரோடு நடப்பது, எங்கே நடப்பது, எதற்காக நடப்பது என்று எவரும் சொல்வதில்லை. பார்க் எக்ஸ்ரென்ஷனிலோ கோற்-டே-நேஜிலோ மூன்றாம் மாடி வீட்டில் இருக்கும் ஒரு அம்மம்மா, பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, சமைத்து, மாலையில் அவர்களைக் கூட்டிவந்த பிறகு தனியே தெருவில் நடப்பாரா? ஒரு கிழமை நடப்பார், மறு கிழமை விட்டுவிடுவார். ஆட்கள் காத்திருக்கும் இடத்துக்குத்தான் மனிதர் தவறாமல் போவார்கள்.

கனடாவில் வாழும் தென்னாசியர் மத்தியில் இருதய நோய் கூடுதலாகக் காணப்படுகின்றது என்பது புதிய செய்தி அல்ல. மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தின் வைத்தியர் சோனியா ஆனந்த் குழுவினர், தென்னாசிய, சீன, ஐரோப்பிய வம்சாவளியினரை ஒப்பிட்டு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நீரிழிவும் எம்மவருக்கு இளம் வயதிலேயே வருகின்றது. இவற்றோடு முதுமையில் சேர்ந்துகொள்ளும் ஆபத்து விழுதல். கனடாவில் ஆண்டுதோறும் முதியோரில் 20 முதல் 30 வீதமானோர் விழுகின்றார்கள் என்றும், அவர்களுக்கு ஏற்படும் இடுப்பெலும்பு முறிவுகளில் 95 வீதமானவை விழுவதால் வருபவை என்றும் பொதுச் சுகாதார முகமை சொல்கின்றது.

2020இல் வெளியான கனடாவின் 24 மணிநேர அசைவு வழிகாட்டியும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நடையை மட்டும் சொல்லவில்லை. கிழமைக்கு 150 நிமிடம் மூச்சு வாங்கும் அளவிலான அசைவு, கிழமைக்கு இரண்டு தடவையாவது தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி, உடற் சமநிலையைப் பேணும் பயிற்சி ஆகியவற்றோடு, பல மணிநேரம் நின்றும் மெதுவாக அசைந்தும் இருக்க வேண்டும் என்கின்றது. பொழுதுபோக்காகத் திரைக்கு முன் இருப்பது மூன்று மணிநேரத்துக்கு மேற்படக் கூடாது என்றும் சொல்கின்றது. எமது வீடுகளில் தொடர் நாடகங்கள் ஓடும் நேரத்தைக் கணக்கிட்டால் தெரியும், நாம் எங்கே நிற்கின்றோம் என்று.

இந்த இடத்தில்தான் லோன் போலிங் என்ற புல்தரைப் பந்துருட்டல் எனது நினைவுக்கு வருகின்றது. அறியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். மட்டமாக வெட்டிய புல்தரையின் மறு அந்தத்தில் 'ஜாக்' எனப்படும் சிறிய பந்து கிடக்கும். ஆடுபவர்கள் தமது பெரிய பந்துகளை உருட்டி, அதற்கு மிக அருகில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பெரிய பந்து கூடினால் 1.59 கிலோ எடை இருக்கும். அது ஒரு பக்கம் சற்றுச் சாய்வாகச் செய்யப்பட்டிருப்பதால் நேராக ஓடாது, வேகம் குறையக் குறைய வளைந்து போகும். ஆகவே பலத்தைவிட நிதானமும் கணக்கும் முக்கியம். ஊரில் போளை அடித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கை ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

உடலுக்கு என்ன பயன்? ஒரு சுற்றில் ஒருவர் இரண்டு முதல் நான்கு பந்து உருட்டுவார். 15 சுற்று ஆடினால் 30 முதல் 60 தடவை ஒரு காலை முன்வைத்து, முழங்காலை மடித்து, குனிந்து நிமிர வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முடிய மறு அந்தத்துக்கு நடக்க வேண்டும். இரண்டு மணிநேரம் பெரும்பாலும் நின்றபடி போகும். இது மூச்சு வாங்கும் பயிற்சி அல்ல. நடையை விட்டுவிட்டு இதை மட்டும் செய்தால் போதாது. ஆனால் நடை தராத குனிவும் சமநிலையும் இதில் கிடைக்கின்றன. வீட்டில் வாழும் முதியோர் உடற்பயிற்சி செய்வதால் விழும் வீதம் ஏறத்தாழ 23 வீதம் குறைகின்றது என 2019இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு கண்டது. சமநிலைப் பயிற்சிகள் அதில் முக்கிய இடம் பெற்றன. லோன் போலிங்கைத் தனியே எடுத்து அந்த மீளாய்வு பேசவில்லை. ஆயினும் உடலுக்குத் தேவையான பழக்கம் அதே வகையானதுதான்.

உடலைவிடப் பெரிய பயன் வேறொன்று. இது கூட்டாக ஆடும் ஆட்டம். நால்வர் குழுவில் ஒருவர் வராவிட்டால் மூவர் காத்து நிற்பார்கள். "ஏன் வரவில்லை?" என்று ஒரு தொலைபேசி அழைப்பு வரும். எவருடைய பந்து கிட்ட என்று நாடா பிடித்து அளக்கும்போது வாக்குவாதம் வரும், சிரிப்பும் வரும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் சமூகத் தொடர்பு குறித்து ஒரு ஆணைக்குழுவையே அமைத்தது. தனிமை உடலையும் வாட்டும் என்பதை உலகம் இப்போது ஏற்றுக்கொண்டுள்ளது. தனிமைக்கு மருந்துக் கடையில் குளிசை கிடையாது.

"இது வெள்ளைக்காரரின் விளையாட்டு, எங்களுக்கு ஒத்துவராது" என்று சொல்பவர்கள் இருக்கின்றார்கள். வெஸ்ற்மவுன்ற் நகரசபைக் கட்டடத்தை அடுத்துள்ள புல்தரையில் 1902இல் தொடங்கிய கழகம் இன்றும் ஆடிக்கொண்டிருக்கின்றது. ஆங்கிலேயரும் ஸ்கொட்லாந்துக்காரரும் கொண்டுவந்த ஆட்டம் என்பது உண்மைதான். கிரிக்கெற்றையும் அவர்கள்தான் கொண்டுவந்தார்கள், அதை நாம் வேண்டாமென்று தள்ளவில்லையே! 1930இல் ஒன்ராறியோவின் ஹமில்ரன் நகரில் நடந்த முதலாவது பொதுநலவாய விளையாட்டுப் போட்டியிலேயே லோன் போலிங் இடம்பெற்றது. 2022இல் பேர்மிங்காமில் லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைக்கியா, ரூபா ராணி திர்க்கி ஆகிய நான்கு இந்தியப் பெண்கள் தென்னாபிரிக்காவை 17-10 என வென்று தங்கம் பெற்றார்கள். இந்தியாவுக்கு இந்த ஆட்டத்தில் கிடைத்த முதற் பதக்கம் அது. அவர்களில் ஒருவர் பொலிஸ் கான்ஸ்டபிள், இன்னொருவர் பாடசாலை உடற்கல்வி ஆசிரியை. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருந்த குடும்பப் பெண்களால் உலக மேடையில் வெல்ல முடிந்தது என்றால், எமது அம்மாமாரால் ஒரு புதன்கிழமை மத்தியானம் ஆட முடியாதா?

பாஷை தெரியாதே என்பது அடுத்த தயக்கம். இந்த ஆட்டத்துக்குத் தேவையான சொற்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். வகுப்பறையில் பிரெஞ்சு படிக்கக் கூச்சப்படும் முதியவர், பந்து உருட்டும் இடத்தில் "போன்ஜூர்" சொல்லவும் எண்கள் சொல்லவும் தானாகவே பழகிவிடுவார். உடுப்பு என்ன என்றால், வெள்ளை உடை பல இடங்களில் போட்டிகளுக்கு மட்டும்தான். புல் பழுதாகாதபடி குதி இல்லாத தட்டைச் சப்பாத்து கட்டாயம். குனிய முடியாதவர்களுக்குப் பந்தைப் பிடித்து உருட்டும் நீண்ட கைக்கருவி உண்டு. சக்கர நாற்காலியில் இருந்து ஆடுபவர்களும் இருக்கின்றார்கள்.

சில எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். இன்சுலின் போடுபவர்களும், கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. சீனி இறங்கினால் உடனே எடுக்கச் சட்டைப்பையில் இனிப்பு இருக்க வேண்டும். மொன்றியலில் 2018 ஜூலை வெப்ப அலையில் 66 பேர் இறந்ததை மறக்கக் கூடாது. வெப்ப எச்சரிக்கை உள்ள நாளில் ஆட்டம் வேண்டாம். மற்ற நாட்களிலும் தொப்பியும் தண்ணீரும் அவசியம். முழங்கால், இடுப்புச் சத்திரசிகிச்சை செய்தவர்களும் இருதய நோயாளரும் முதலில் தமது வைத்தியரைக் கேளுங்கள். வைத்தியரைப் பிடிக்க முடியாவிட்டால் 811 இலக்கத்தில் தாதியிடம் கேட்கலாம்.

எமது சங்கத்தின் நிர்வாக சபையிடம் நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன்.

1. வரும் பருவத்தில் ஏதாவது ஒரு கழகத்தின் அறிமுக நாளுக்குப் பத்து முதியோரைக் கூட்டமாக அழைத்துச் செல்லுங்கள். தனியே போகத் தயங்குபவர்கள் பத்துப் பேராகப் போனால் தயங்கமாட்டார்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரிந்த ஒரு இளையவர் கூடப் போகட்டும். குழுவாகச் சேர்வதற்குக் கட்டணத்தைக் குறைப்பார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

2. பயணத்துக்கு வழி சொல்லுங்கள். 2023 ஜூலை 1ஆம் திகதி மொன்றியல் தீவில் வாழும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பேருந்தும் மெற்றோவும் இலவசமாக்கப்பட்டன. அதற்குரிய ஓப்பஸ் அட்டையை எடுக்காமல் இருப்பவர்களுக்கு விண்ணப்பிக்க உதவுங்கள்.

3. குளிர்காலத்துக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். ஏறத்தாழ 45 அடி நீளமான விரிப்பில் மண்டபத்துக்குள் ஆடும் வடிவமும் இந்த ஆட்டத்துக்கு உண்டு. விழாக்களுக்கு வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தை மாதம் இரண்டு தடவை இதற்கும் எடுக்கலாம்.

4. இந்தச் செய்திமடலில் முதியோருக்கென ஒரு அறிவித்தல் பகுதி வேண்டும். இந்த மாதம் யார் ஆடினார், யார் வென்றார், யார் புதிதாகச் சேர்ந்தார், அடுத்த கிழமை வடையும் தேநீரும் யாருடைய பொறுப்பு என்று பெயர் போட்டு எழுதுங்கள். தமது பெயரை அச்சில் பார்ப்பதற்காகவே பலர் வருவார்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவுக்குக் கிழமையில் ஒரு அரை நாள் விடுமுறை கொடுங்கள். அன்றைக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது உங்கள் பொறுப்பு. விலை கூடிய விற்றமின் போத்தல்களை வாங்கிக் கொடுப்பதைவிட இந்த அரை நாள் அவருக்குப் பயன்படும். அப்பா "எனக்கு ஏலாது" என்று சொன்னால், முதல் நாள் நீங்களும் கூடப் போய் நில்லுங்கள்.

லோன் போலிங் பிடிக்காதவர்கள் பூங்காக்களில் பிரெஞ்சுக்காரர் ஆடும் பெத்தாங்கைப் பார்க்கலாம், இத்தாலியர் ஆடும் பொச்சேயையும் பார்க்கலாம். எந்தப் பந்து என்பது முக்கியமல்ல. ஆறு மாதம் பனிக்குள் அடைபட்டுக் கிடக்கும் எமது முதியோர் கோடையிலும் யன்னலுக்குள்ளால் புல்லைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதே முக்கியம். நினைவஞ்சலியில் வருவதற்கு முன்னர், வென்றவர்களின் பட்டியலில் ஒரு தடவையாவது அவர்கள் பெயர் வரட்டும்.