கப்பல்காரருக்கு உள்ள பத்திரம் ஸ்டோர்க்காரருக்கு ஏன் இல்லை?

கப்பல் வேலையை விட்டுத் தரையில் பிழைப்புத் தேடுபவர் வெறுங்கையோடு இறங்குவதில்லை. எந்தக் கப்பலில், என்ன பதவியில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இருந்தார் என்பது கப்டனின் கையெழுத்தும் முத்திரையுமாக அவருடைய கடற்சேவைப் பதிவேடான சி.டி.சி. புத்தகத்தில் பதிந்திருக்கும். கூடவே தகுதிச் சான்றிதழும் இருக்கும். கடலோடிகளின் பயிற்சிக்கும் இச்சான்றிதழுக்கும் உலகப் பொது அளவுகோலை வகுத்த உடன்படிக்கை 1978இல் உருவாகி, 1984இல் நடைமுறைக்கு வந்தது. இயந்திர அறையில் பல வருடம் இருந்தவர் மின்நிலையத்திலோ பட்டறையிலோ வேலை கேட்டால், முதலாளி அவர் வாய்ப்பேச்சை நம்பவேண்டியதில்லை. தாளைப் பார்த்தால் போதும். கரையில் சம்பளம் குறையலாம், பதவியும் இறங்கலாம். ஆனால் அனுபவம் கணக்கில் வரும்.

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து ஸ்டோர்களில், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளில், இருப்பதும் இயந்திர வேலைதான். மழைநாளில் வந்த ஈரக்கொழுந்துக்கு எவ்வளவு சூட்டுக்காற்று விடுவது, ரோலரை எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் கைப்பழக்கத்தில் வருபவை. டிரையரிலிருந்து விழும் தூளில் ஈரம் மூன்று சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டதா என்று, ஒரு பிடி அள்ளி முகர்ந்தே சொல்லக்கூடியவர்கள் உண்டு. அப்படி இருபது வருடம் உழைத்தவர் கொழும்புக்கு இறங்கும்போது, கையில் அடையாள அட்டையும் சேமலாப நிதி இலக்கமும்தான். செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் அவருக்குப் பேர், அதாவது நாட்கூலிக் கணக்கு, விழுந்த நாட்கள் இருக்கின்றன; அவருடைய கைத்திறன் அதில் இல்லை. ஆகவே கடையிலோ கட்டட வேலையிலோ கையாளாக, அடிமட்டத்திலிருந்து மறுபடி தொடங்குகிறார்.

தேசிய தொழில் தகைமை முறை இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மை. ஏழு மட்டங்கள் கொண்ட அம்முறையில், வேலை செய்தே கற்றதைச் சோதித்துச் சான்று தரும் வழியும் உண்டு. ஆனால் அந்த வழியைத் தொழிலாளியே தேடிப்போக வேண்டியிருக்கிறது. படிவம், பயணம், சோதனை என்று அலைந்தால் அன்றைய பேர் போய்விடும். அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாவதற்கே 2024 வரை போராடவேண்டியிருந்த குடும்பங்களுக்கு ஒரு பேர் என்பது சின்ன விஷயமல்ல. சான்றிதழ் கொடுத்தால் தோட்டம் காலியாகிவிடும் என்ற பயமும் சரியல்ல. சான்றிதழ் இல்லாமலே இளைஞர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். இன்றைய நிலை அவர்களைத் தடுக்கவில்லை, மலிவாக்கித்தான் அனுப்புகிறது. கடலோடிகளுக்குச் சான்றிதழ் கொடுத்ததால் கப்பல்கள் ஆளில்லாமல் நின்றுவிடவில்லை. திறமைசாலியை வைத்துக்கொள்ள நல்ல சம்பளம் கொடுக்கவேண்டி வந்தது, அவ்வளவுதான். தோட்டத்துக்கும் அந்தக் கட்டாயம் வரட்டும்.

1992இல் தோட்ட நிர்வாகத்தைப் பொறுப்பேற்ற கம்பனிகள், ஸ்டோரில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் எந்த இயந்திரத்தில் எத்தனை வருடம் என்று எழுதி, ஸ்டோர் பொறுப்பாளரான டீமேக்கரின் கையெழுத்தோடு சேவைப் புத்தகம் கொடுக்கவேண்டும். தமிழில் சோதிக்கக்கூடிய மதிப்பீட்டாளர்களை அரசு ஸ்டோருக்கே அனுப்பவேண்டும். அன்றைய பேரும் வெட்டப்படக்கூடாது. தொழிற்சங்கங்கள் அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது இந்தக் கோரிக்கையையும் மேசையில் வைக்கவேண்டும்.