எண்பதைத் தாண்டலாமா?

ஒரு வரியில் எத்தனை எழுத்து இருக்கலாம்? கவிஞர்களின் கவலை போலத் தெரியும். ஆனால் இதற்காக வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்கள் கம்ப்யூட்டர் புரோகிராமர்கள். வேடிக்கை என்னவென்றால், கம்ப்யூட்டருக்கு இதில் அக்கறையே கிடையாது. நீளமாக ஓடும் வரியும், அதையே நான்காக மடித்து எழுதியதும் பெரும்பாலான மொழிகளில் அதற்கு ஒன்றுதான். அவஸ்தை மனிதர்களுக்கு. ஒருவர் எழுதியதைப் பத்துப் பேர் படித்துத் திருத்தும் பொதுத் திட்டங்களில் ஆளுக்கொரு அகலம் என்றால் வேலை ஓடாது.

வழக்கத்தில் வந்த எண் 80. இதன் பூர்வீகம் ஒரு அட்டை. 1928-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த துளையிட்ட அட்டையில் 80 பத்திகள். அட்டைக் காலத்தில் ஓர் அட்டை என்பது ஒரு வரி. 1957-ல் வந்த ஃபோர்ட்ரான் மொழியில் அதிலும் 72 பத்திகள்தான் புரோகிராமுக்கு. மீதி எட்டில் வரிசை எண் போட்டுக்கொள்ளலாம். அட்டைக்கட்டு கை நழுவித் தரையில் கொட்டினால் மறுபடி அடுக்க வேண்டாமா? 1978-ல் வெளிவந்து புகழ்பெற்ற விடி100 டெர்மினலின் வழக்கமான அகலமும் 80 எழுத்துதான். அட்டை போயிற்று, டெர்மினல் போயிற்று, எண் மட்டும் நாற்காலியை விடவில்லை. 2001-ல் எழுதப்பட்ட பைத்தான் மொழியின் நடை விதிகள் ('பெப் 8') 79 என்று வரையறுத்தன.

பழம்பெருச்சாளித்தனம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. குறுகிய வரி என்றால் பழையதையும் புதியதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். சின்ன லேப்டாப்காரருக்கு வசதி. பார்வை மங்கியதால் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறவருக்கு அது வசதி என்பதைவிட அவசியம்.

லினக்ஸ் கெர்னலில் இந்த எல்லைக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது: காவல். அங்கே ஒவ்வொரு உள்ளடுக்குக்கும் எட்டு இடம் தள்ளி எழுத வேண்டும். மூன்று அடுக்கு உள்ளே போனாலே 24 எழுத்து காலி. மூன்றுக்கு மேல் அடுக்கு தேவைப்பட்டால் கோளாறு உங்கள் புரோகிராமில்தான் என்று அதன் விதிப் புத்தகம் முகத்தில் அடித்தாற்போலச் சொல்கிறது. வரி 80-ஐ முட்டுகிறது என்றால் யோசனை சிக்கலாகிவிட்டது என்று பொருள்.

நடந்தது வேறு. யோசனையை எளிதாக்குவதற்குப் பதில் வரியை உடைத்தார்கள். திருத்தங்களை அனுப்புமுன் சரிபார்க்க 'செக்பேட்ச்' என்றொரு கருவி உண்டு. அது முணுமுணுக்கக் கூடாதே என்று நடுவாக்கியத்தில் வெட்டுவது, அர்த்தமுள்ள பெயர்களை மொட்டையாக்குவது என்று ஆயிரம் தந்திரங்கள்.

உடைப்பதில் நிஜமான ஆபத்தும் உண்டு. யுனிக்ஸ் உலகின் தேடல் கருவியான 'க்ரெப்' வரி வரியாகத்தான் தேடும். நள்ளிரவில் சர்வர் படுத்துவிடுகிறது. திரையில் ஒரு பிழைச் செய்தி. அது எங்கிருந்து வந்தது என்று எஞ்சினியர் தேடுகிறார். அந்தச் செய்தியை யாரோ அகலத்துக்காக இரண்டு வரியாக வெட்டியிருந்தால் முழு வாக்கியம் அகப்படாது. அதனால்தான் பயனாளர் கண்ணில் படும் செய்திகளை எந்த நிலையிலும் உடைக்காதே என்று கெர்னல் விதி தனியாகவே சொல்கிறது.

2020 மே மாதம் லைனஸ் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்தார். குறுகிய திரையை வைத்திருக்கும் சிலருக்காக மற்ற எல்லோரும் ஏன் அவதிப்பட வேண்டும் என்பது அவர் வாதம். அந்த மாதக் கடைசியில் வந்த 5.7 பதிப்பில் செக்பேட்சின் எச்சரிக்கை எல்லை 100 ஆயிற்று. ஆனால் 80-ஐ அடியோடு தள்ளிவிடவில்லை. விரும்பத்தக்கது அதுதான், தெளிவுக்கு உதவுமானால் தாண்டலாம் என்று விதி தளர்ந்தது. நியாயமான தீர்ப்பு.

இரண்டே வருஷத்தில் இன்னொரு பெரிய திட்டம் நேரெதிர்த் திசையில் நடந்தது. பைத்தானில் எழுதப்பட்ட இணையதளக் கட்டமைப்பான ஜாங்கோவில் 119 எழுத்து வரை அனுமதி இருந்தது. 'பிளாக்' என்ற தானியங்கிக் கருவியிடம் பொறுப்பை ஒப்படைப்பது என்று 2019-ல் முடிவெடுத்து, அதன் நிலையான பதிப்புக்குக் காத்திருந்து, 2022 பிப்ரவரியில் முழுத் திட்டத்தையும் மாற்றி எழுதினார்கள். பிளாக்கின் எல்லை 88. எண்பதும் அதில் பத்து சதவிகிதமும். யாருக்கும் பிரியமான எண் அல்ல. அதுவே அதன் பலம் என்று தோன்றுகிறது. இப்படி ஒரு கருவி இல்லாத இடங்களில் புதிதாக வரும் தன்னார்வலரின் முதல் திருத்தத்துக்குக் கிடைக்கும் பதில் "வரி நீளம்" என்பதாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் தப்பை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் எல்லா வரிகளையும் ஒரே நாளில் மாற்றினால் சரித்திரம் கெட்டுப்போகும். எந்த வரியை யார், எதற்காக எழுதினார் என்று 'கிட்' மென்பொருள் காட்டும் பட்டியலில், மடித்துப் போட்ட வரிகளெல்லாம் மடித்தவர் எழுதியதாகிவிடும். பத்து வருஷத்துக்கு முன் ஒரு பிழையைத் திருத்தியவரின் பெயரும் காரணமும் மேலோட்டமாகத் தேடுகிறவருக்குத் தட்டுப்படாது. நல்லவேளையாக 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23-ல் இதற்கு வழி செய்தார்கள். இன்னின்ன மாற்றங்களைக் கணக்கில் எடுக்காதே என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால் போதும். ஜாங்கோ அதை எழுதிவைத்தது.

புரோகிராமுக்கு 88 என்றாலும், விளக்கக் குறிப்புகளுக்கு ஜாங்கோவின் எல்லை 79. அந்தக் குறிப்பைத் தமிழில் எழுத நினைக்கிறவர் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. பைத்தானை எண்ணச் சொன்னால், இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாகச் சேர்த்து ஐந்து என்கிறது.