தொண்டுக்கு முன்னணி, வாக்குக்குப் பின்னணியா?



“இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொதுக்காரியத்தில் அக்கறை கிடையாது” என்று மேடைதோறும் முழங்குகிறார்கள் சில பெரியவர்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியதே, மாடியில் தவித்தவர்களைப் படகில் ஏற்றி வந்தவர்கள் யார்? கோயில்களிலும் குருத்துவாராக்களிலும் சோறு பொட்டலம் கட்டியவர்கள் யார்? தண்ணீர் வடிந்தபின் வீடு வீடாகச் சேறு அள்ளியவர்கள் யார்? இளைஞர்களல்லவா! அக்கறையற்றவனா இடுப்பளவுத் தண்ணீரில் அரிசி மூட்டை சுமப்பான்?

பதினெட்டு வயதில் வாக்குரிமை என்ற திருத்தம் நடைமுறைக்கு வந்தது அதே டிசம்பர் 15-ஆம் தேதி. ஸ்ரீ மூடாவில் வெள்ளம் ஏறியது 18-ஆம் தேதி. வெள்ளத்திற்கு ஓடினான் இளைஞன். வாக்குக்கு? அந்த வயதினர் முதன்முதலாக வாக்களிக்கக்கூடிய தேர்தல் 2022 மார்ச்சில் ஜொகூரில் நடந்தது. எல்லா வயதினரும் சேர்ந்தே நூற்றுக்கு 55 பேர் அளவில்தான் வந்தார்கள். இப்போது பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுகிறது. கிராணிமாருக்குத் தெரியும்: செக்ரோலில் பெயர் இருந்தால் போதுமா? பிரட்டுக்கு வந்தவனுக்கல்லவா பேர் போடுகிறோம்!

ஏன் வரவில்லை? சேறு அள்ளினால் மாலைக்குள் வீடு துப்புரவாகிறது, கண்ணால் பார்க்கிறான். வாக்குப் போட்டால்? 2018-இல் வாக்காளர் அமைத்த அரசு, 2020 பிப்ரவரியில் வாக்காளரைக் கேளாமலே கவிழ்ந்தது. கட்சி தாவலைத் தடுக்கும் சட்டம் 2022 அக்டோபரில்தான் வந்தது. கோலாலம்பூர்வாசியின் கதை இன்னும் மோசம். 1952-இல் நகராட்சித் தேர்தல் கண்ட ஊர் அது. 1965-இல் ஊராட்சித் தேர்தல்களை நாடெங்கும் நிறுத்தினார்கள். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைப் புதைத்தே விட்டது. பிரிக்பீல்ட்ஸில் சாக்கடை அடைத்தால் இளைஞன் மண்வெட்டியோடு இறங்கலாம். அதற்குப் பொறுப்பான டத்தோ பண்டாரை அவன் தேர்ந்தெடுக்க முடியாது. அவன் கசப்பில் நியாயம் உண்டு.

ஆனால் தோழர்களே, அந்தக் கசப்பு யாருக்கு இனிக்கிறது? உலு சிலாங்கூரில் ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள், சொந்த வீடு கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தன. 2024 மே மாதம் கோல குபு பாருவில் இடைத்தேர்தல் வந்தது. உடனே அமைச்சர்கள் வந்தார்கள்; 245 வீடுகள் என்ற பேச்சும் வந்தது! அரிசிப் பொட்டலம் அழைத்து வராத அமைச்சரை வாக்குச்சீட்டு அழைத்து வந்தது. அந்தத் தேர்தலிலும் வாக்களித்தவர் நூற்றுக்கு 61 பேர் அளவே. மற்றவர்களும் வந்திருந்தால் பேச்சு இன்னும் எத்தனை பணிவாக இருந்திருக்கும்!

1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது பட்டாளத்தை ஏவினார்கள், தலைவர் ஆர். எச். நாதனை நாடு கடத்தினார்கள். யாரிடம் போய்க் கேட்பது? வாக்கில்லாத கூட்டம்! 1955 பொதுத் தேர்தலிலும் தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் குடியுரிமையின்றி வெளியே நின்றார்கள். அவர்கள் பேரப்பிள்ளை இன்று, “யார் வந்தால் எனக்கென்ன?” என்கிறான். முதலாளிக்கு இதைவிடத் தித்திப்பான சொல் வேறுண்டா?

நம்மவர்களையும் கேட்கிறேன். தோரணம் கட்ட இளைஞன் வேண்டும். நாற்காலி அடுக்க இளைஞன் வேண்டும். செயற்குழுவில் உட்கார மட்டும் அவன் வேண்டாமா? சங்கத் தேர்தலிலேயே வாக்கின் ருசி அறியாதவன் நாட்டுத் தேர்தலுக்கு எப்படி வருவான்? கிளைக்கு இரண்டு இடமாவது முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒதுக்குங்கள்.

இன்னொன்று. தோட்டத்தை விட்டுக் கிள்ளானில் வேலைக்கு வந்த பிள்ளையின் அடையாளக் கார்டில் பழைய முகவரி இருந்தால், வாக்கும் பழைய தொகுதியில்தான். அடுத்த கோத்தோங் ரோயோங்கின்போது ஒரு மேசை போட்டு, முகவரி மாற்றப் பிள்ளைகளுக்கு உதவுங்கள். வாக்களிப்பு நாளில் போய்வர நியாயமான நேரம் கொடுக்க வேண்டும், அதற்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம் முதலாளிக்குக் கட்டளையிடுகிறது. கிராணிமாரே, அதைப் பிரட்டில் உரக்கப் படித்துச் சொல்லுங்கள்.