‘ஈ.சி.எம். போச்சு சார்!’

சர்வீஸ் சென்டரில் இதைச் சொன்னதும் முக்கால்வாசிப் பேர் தலையாட்டிவிடுகிறோம். ஈ.சி.எம். என்பது காரின் மூளையாம். மூளை விஷயத்தில் பேரம் பேச முடியுமா?

பேசலாம். பேச வேண்டும்.

ஈ.சி.எம். ஒரு சின்ன கம்ப்யூட்டர், அவ்வளவுதான். எவ்வளவு காற்று உள்ளே வருகிறது, கூலன்ட் எவ்வளவு சூடு, வெளியே போகிற புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சென்ஸார்கள் சொல்லச் சொல்ல, எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, பொறியை எப்போது தட்டுவது என்று முடிவு செய்யும். கணக்கு உதைத்தால் டேஷ்போர்டில் விளக்கைப் போட்டுவிட்டு, ஒரு கோடு நம்பரைக் குறித்து வைக்கும். ஸ்கேனர் முக்கியமாகப் படித்துக் காட்டுவது அந்த நம்பரைத்தான்.

அந்த நம்பர் ஒரு புகார். தீர்ப்பு அல்ல! ‘பி 0171’ என்று வந்தால், காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று அர்த்தம். ரப்பர் ஹோஸ் விரிசல் விட்டிருக்கலாம். ஃப்யூயல் பம்ப் சோர்ந்திருக்கலாம். சென்ஸாரில் அழுக்கு படிந்திருக்கலாம். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் தப்பான என்ட்ரியைத் தேடுவோமா, இல்லை, கால்குலேட்டரைத் தூக்கி எறிவோமா?

சரி, ஸ்கேனரோடு ஈ.சி.எம். பேசவே இல்லை என்றால்? அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி, ஃப்யூஸ், ரிலே, எர்த் ஒயர். அடுத்து, பல சென்ஸார்களுக்கு ஈ.சி.எம். அனுப்பும் 5 வோல்ட் சப்ளை. ஒரே ஒரு சென்ஸார் ஷார்ட் ஆனால் போதும், அந்த லைனே படுத்துவிடும். கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் குற்றவாளி சிக்குவான். இதற்கு வேண்டியது ஒரு மல்ட்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும். ஈ.சி.எம். சாகாது என்று சொல்லவில்லை. 2015 சென்னை வெள்ளம் மாதிரி தண்ணீர் புகுந்தால் சாகும். ஆனால், அது கடைசியாக வரவேண்டிய முடிவு.

உங்கள் தெருமுனை மெக்கானிக்கும் இதைச் செய்வார். ஆனால் ஒயரிங் டயக்ராமும் ஒரிஜினல் ஸ்கேனரும் அவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். இது என் சொந்தக் கற்பனை இல்லை. உதிரி பாகங்களையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் அமுக்கியதற்காக, 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. கம்பெனிகள் அப்பீலுக்கு ஓடின. நாம் பில் கட்ட ஓடினோம்.

அடுத்த முறை ‘மூளை போச்சு’ என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன கோடு வந்தது? எதையெல்லாம் டெஸ்ட் பண்ணினீங்க? ரீடிங் என்ன? மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய ஈ.சி.எம்.மையும் கேளுங்கள்.

‘அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்’ என்கிறார்களா? சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். வண்டி ஓடாவிட்டால் பரவாயில்லை, கட்டி இழுத்துக்கொண்டு போகலாம். அது மலிவு.