மாங்கனித் தோலும் நம் பொறுப்பும்

கனி சுவைப்பதற்குரியது, தோல் எறிவதற்குரியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. நம் அடுக்களை மரபோ அவ்வாறு எண்ணியதில்லை. மாவடுவைத் தோல் சீவி உப்பில் இடுவார் எவருமிலர். எலுமிச்சையும் நார்த்தையும் தோலோடுதான் ஊறுகாயாகின்றன. மாதுளை ஓட்டைக் காயவைத்து வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பது சித்த மருத்துவத்தில் இன்றும் உள்ள வழக்கம்.

அம்மரபுக்கு அறிவியலும் ஓரளவு துணைநிற்கின்றது. எலுமிச்சை இனத் தோலின் வெண்ணிற உட்பகுதியிலிருந்து ஹெஸ்பெரிடின் என்னும் பொருளை 1828-லேயே பிரெஞ்சு வேதியியலார் ஒருவர் பிரித்தெடுத்தார். மாந்தோலை மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்துள்ளனர். ராஸ்பூரி, பாதாமி ஆகிய இருவகைகளைக் கொண்டு அவர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, காய்த்தோலில் பாலிபீனால்கள் மிகுதி. பழத்தோலில் கரோட்டினாய்டுகள் மிகுதி. தோற்பொடியை பிஸ்கெட்டிலும் மக்ரோனியிலும் சேர்த்துப் பார்த்தபோது நார்ச்சத்து பெருகியதையும் கண்டனர்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தார்க்கு இச்செய்தி அயலார் செய்தியன்று. நம் பக்கத்தில் 'பெங்களூரா' என வழங்கும் கிளிமூக்கு மாங்காய் பருவந்தோறும் மாங்கூழ் ஆலைகளுக்குச் செல்கின்றது. மாங்கனியின் எடையில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு தோலாகும். பத்து டன் காய் ஏற்றிய ஒரு லாரி உள்ளே சென்றால் ஒன்றரை முதல் இரண்டு டன் தோல் கழிவாகும் என்பது எளிய கணக்கு.

ஆயின், 'தோலையும் உண்ணுங்கள்' என்று மேடையேறிச் சொல்ல நமக்கு நா எழவில்லை. அதற்குக் காரணம் சானமாவில் நாம் கண்ட ஒரு காட்சி. ('மாவு' என்றால் கன்னடத்தில் மா. ஊர்ப்பெயரின் காரணம் வேறாகவும் இருக்கலாம். எனினும் அவ்வூரை நினைத்தால் நமக்கு மாமரமே நினைவுக்கு வரும்.) நம் துறை மாணவர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவருடைய பாட்டியார் வீட்டு மரத்துப் பழத்தைக் கழுவித் தோலோடு துண்டமிட்டு நம் முன் வைத்தார். அருகில் சந்தையில் வாங்கிய பழமும் இருந்தது. அதை எடுத்துத் தோலைத் தடிமனாகச் சீவி எறிந்த பின்னரே பேரக்குழந்தைக்குக் கொடுத்தார். ஏனென்று வினவினோம். "இது நம்ம மரம் ஐயா, மருந்தே காட்டினதில்லை. அது எங்கே பழுத்ததோ, எதை வைத்துப் பழுக்க வைத்தாங்களோ?" என்றார். எழுத்தறியா அம்மூதாட்டியின் விடையில் இருந்த தெளிவு, தோலின் பெருமை பேசும் விளம்பரங்களில் இல்லை.

பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிக்காக மாந்தோப்புகளில் மருந்து தெளிக்கின்றனர். கழுவினால் அதன் எச்சத்தில் ஒரு பகுதி நீங்கும். தோலினுள் ஊறியது நீங்காது. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி தடை செய்யப்பட்டது. அக்கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும். இவையெல்லாம் முதலில் படிவது தோலின்மீதுதான். நம் பாட்டியர் உண்ட தோலும் இன்று நம்மை உண்ணச் சொல்லும் தோலும் ஒன்றல்ல. உழவரைப் பழிப்பது நம் நோக்கமன்று. புள்ளி விழுந்த பழத்தைத் தொடமாட்டோம் என்று அடம்பிடிப்பவர் நாமே அல்லவா?

தோற்பொடியை மருந்தெனக் கொள்வது மற்றொரு பிழை. நம் உறவினருள் முதியவர் ஒருவர், எவரோ சொன்னாரென்று நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று திங்கள் மாதுளை ஓட்டுப் பொடியையே உண்டு வந்தார். காலில் ஆறாத புண்ணோடு அவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. ஆய்வுக்கூடத்துக் குப்பியில் ஒரு பொருள் செய்யும் வினை வேறு; மனித உடலில் அது செய்யும் வினை வேறு. வைட்டமின் சி ஆய்வுக்காக 1937-இல் நோபல் பரிசு பெற்ற செண்ட்-ஜியார்ஜி என்னும் பேரறிஞரே, எலுமிச்சையில் கிடைத்த ஃபிளவனாய்டுகளுக்கு 1936-இல் ஒரு புது வைட்டமின் பெயர் சூட்டினார். (அது ஆங்கிலத்தின் 16-ஆம் எழுத்தால் அமைந்தது, தமிழில் எழுதினால் 'வைட்டமின் பி' என்றே ஆகிக் குழப்பும்.) அவை வைட்டமின் அல்ல என்று பின்னர்த் தெளிந்து, 1950 அளவில் அப்பெயர் கைவிடப்பட்டது. அத்தகையோரே திருத்திக்கொள்ள நேர்ந்த துறையில், பொட்டலத்தில் அச்சிட்ட நான்கு வரியை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா?

பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் நம் மாவட்டத்திலேயே உள்ளது, மைசூரும் தொலைவன்று. ஆலைத் தோலில் மருந்தெச்சம் எவ்வளவு என்பதைப் பருவந்தோறும் அளந்து ஊரறிய வெளியிடட்டும். தூய தோல் எந்தத் தோப்பிலிருந்து வருகிறதோ, அந்த உழவர்க்குக் கூடுதல் விலை கிடைக்கட்டும். பிஸ்கெட்டில் மாந்தோல் சேர்ப்பதை அதன்பின் பேசலாம். நம் வேதியியல் துறை மாணவர்கள் விரும்பினால் இவ்வாய்வில் பங்குகொள்ள இயலும்.

சானமாவு மரத்தில் இவ்வாண்டு வடு நன்றாகப் பிடித்திருப்பதாக மாணவர் சொன்னார். துறைக்கென ஒரு சாடி உப்பிலிட்டு அனுப்புவதாகப் பாட்டியார் சொல்லியனுப்பியிருக்கிறார்.