வாரம் நாலு படம் போதும்

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணைக் கிளறினால், பித்தளை அண்டாவுக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டு பொருள்கள் கிடைக்கும். ஒன்று, தடித்த காலிகோ அட்டை போட்டு பைண்டு செய்த தொடர்கதை. இன்னொன்று, ஜவுளிக்கடை மஞ்சள் பை நிறைய போட்டோக்கள். முதலாவது பக்கம் பிசகாமல் இருக்கும். இரண்டாவது அள்ளிப் போட்டபடி கிடக்கும்.

அந்தத் தொடர்கதை எப்படி அவ்வளவு ஒழுங்காக வந்தது? 'பொன்னியின் செல்வன்' கல்கியில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை, மூன்றரை வருஷம் ஓடியது. ஆடிப்பெருக்கு அன்று வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். காவிரிக் கரைக்காரர்களுக்கு அது சொந்த ஊர்க் கதை. வீட்டில் கடைசி ஆள் படித்து முடிக்கும்வரை காத்திருந்து, பின்னைக் கழற்றி, அந்த வார அத்தியாயத்தை மட்டும் எடுத்து, மணியம் வரைந்த படம் மடங்காமல் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுவார்கள். பத்து நிமிட வேலை. கதை முடிந்ததும் கட்டு பைண்டரிடம் போகும். ஐந்து பாகப் புத்தகம் தயாரிக்கப் போகிறோம் என்று யாரும் இடுப்பில் துணி வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பவில்லை.

மஞ்சள் பைக்குத்தான் அந்த யோகம் இல்லை. "மே லீவுல எல்லாரும் வரட்டும், ஒரே நாள்ல ஆல்பம் போட்டுடலாம்" என்பார்கள். எல்லோரும் வருவார்கள். பை கூடத்தில் கொட்டப்படும். வருஷவாரியாக அடுக்குவதா, கல்யாணவாரியாக அடுக்குவதா என்று பேச்சு நீளும். இலை போட்டாயிற்று என்று குரல் வந்ததும் எல்லாம் திரும்பப் பைக்குள் போகும். அடுத்த மே மாதமும் இதேதான்.

இதில் அவசரம் எங்கே இருக்கிறது என்றால், படத்தைவிடப் பெயர் சீக்கிரம் அழிந்துவிடுகிறது. அறுபதுகளில் எடுத்த ஒரு கல்யாண குரூப் போட்டோவில் மூன்று வரிசையில் முப்பது முகம் இருக்கும். அத்தனை பேரையும் அடையாளம் சொல்லக்கூடியவர் வீட்டில் ஒரே ஒரு பாட்டிதான். படம் இன்னும் ஐம்பது வருஷம் தாங்கும்.

பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரர் உ.வே.சாமிநாதையர், எண்பத்தைந்தை நெருங்கும் வயதில், 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். வாரம் ஓர் அத்தியாயம். 1942 ஏப்ரலில் அவர் மறைந்தார். தொடர் 122 அத்தியாயங்களோடு நின்றது. கதை கும்பகோணம் கல்லூரியில் அவர் வேலை பார்த்த காலத்தைத் தாண்டவில்லை. சென்னை வாழ்க்கை வரவே இல்லை. ஆனாலும் எழுதிய வரைக்கும் ஒவ்வொன்றும் முழுசு. மொத்தத்தையும் எழுதி முடித்துவிட்டு வெளியிடலாம் என்று அவர் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

வீட்டு ஆல்பத்துக்கும் இதே கணக்குதான். ஞாயிற்றுக்கிழமை காபிக்குப் பிறகு நாலு படம். ஐந்தாவது வேண்டாம். பேரனோ பேத்தியோ செல்போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, "இது யாரு பாட்டி?" என்று கேட்டால் போதும். பெயரோடு நிறுத்தமாட்டார் பாட்டி. யார் யாரோடு பேசாமல் இருந்தார்கள், எந்த வருஷம் காவிரியில் தண்ணீர் வராமல் கல்யாணம் தள்ளிப்போனது, எல்லாம் வரும். அது நாலு படத்தைவிடப் பெரிய சொத்து. பெயரையும் ஊரையும் படத்தின் பின்பக்கம், ஓரமாக, மென்மையான பென்சிலால் எழுத வேண்டும். பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்க முகத்தில் தழும்பு விழும். கோந்தும் செல்லோடேப்பும் கூடவே கூடாது. காகித மூலைகள் செய்து அதில் செருகுவது நல்லது.

தொண்ணூறுகளில் எல்லோரும் வாங்கினார்களே, பிளாஸ்டிக் தாளைத் தூக்கி ஒட்டும் ஆல்பம், அது மஞ்சளாகிப் படத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இழுக்காமல், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெதுவாக அறுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை மட்டும் தொடாமல், அப்படியே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

டெல்டாவில் ஈரமும் ராமபாணப் பூச்சியும் நிரந்தர விருந்தாளிகள். தஞ்சை சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை எல்லாவற்றையும் பொடித்து, கற்பூரம் சேர்த்து, சின்னத் துணிமுடிச்சாகச் சுவடிகளுக்கு அருகில் வைப்பது பழைய வழக்கம். வீட்டு அலமாரிக்கும் அது பொருந்தும். வாசம் போனதும் மாற்ற வேண்டும், படத்தின் மேல் படக்கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனது போல ஏதாவது நடந்து படம் நனைந்துவிட்டால், வெயிலில் போடாமல் நிழலில், முகம் மேலே பார்க்க, ஒவ்வொன்றாகப் பரப்ப வேண்டும்.

பாட்டிக்கும் பிடிபடாத முகம் ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும். அதற்காக அந்த வாரத்தை நிறுத்த வேண்டாம். பின்பக்கம் "இரண்டாம் வரிசை, இடமிருந்து நாலாவது" என்று எழுதி, எதிரே இடம் விட்டுவைத்து, படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம். மும்பையில் இருக்கும் ஏதாவது ஓர் அத்தைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு ஞாபகம் வரும்.